நடு ஊஞ்சல்

எங்கள் ஊர்த் தோட்டத்தில் மூன்று ஊஞ்சல்கள் இருக்கின்றன. கிழக்கே உள்ளதில் ஆடினால் ஏரிக்கரை தெரியும். மேற்கே உள்ளதில் ஆடினால் வில்லியனூருக்குப் போகும் ரயில் தெரியும். நடுவில் உள்ளதில் ஆடினால் என்ன தெரியும் என்று எங்கள் தெருப் பிள்ளைகளைக் கேட்டுப் பயனில்லை. எங்கள் தெருவிலிருந்து அதில் யாரும் ஏறியதில்லை, ஒருத்தியைத் தவிர. அந்த ஒருத்தி நான்.

பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரை ஆண்ட காலம். அப்போது எனக்கு ஒன்பது வயது. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பா புதுச்சேரியில் பஞ்சாலை வேலைக்குப் போனார். விடியுமுன் தூக்குச் சட்டியோடு நடக்கத் தொடங்கினால்தான் சங்கு ஊதுவதற்குள் ஆலைக் கதவைத் தாண்ட முடியும். தெருவில் பாதி ஆண்கள் அப்படித்தான் போனார்கள். பெண்கள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனார்கள். எங்கள் குடும்பத்தில் பலப்பம் பிடித்த முதல் ஆள் நான். அப்பா, அப்பாவின் அப்பா, அவருக்கும் அப்பா, எல்லோரும் கைநாட்டு. இதைப் பெருமைக்காகச் சொல்கிறேனா என்றால், ஆமாம், பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இந்தக் கதையில் நான் பெருமைப்பட வேறொன்றும் இல்லை.

தோட்டம் வருவதற்கு முன் அந்த இடம் வெறும் கரம்பு. எருக்கஞ்செடியும் முள்ளும் மண்டிக் கிடக்கும். பாதையோரத்தில் ஒற்றைப் பனை நிற்கும். புல்லுக்கட்டோடு வரும் பெண்கள் குறுக்கே நடந்தால் வீடு பக்கம். ஆனாலும் சுற்றித்தான் போவார்கள். பிள்ளைகள் உள்ளே கால் வைக்கக் கூடாது. பந்து விழுந்தால் பந்து போனதுதான்.

காரணம் எங்களுக்கும் அரைகுறையாகத் தெரியும். பல் முளைக்காத பிள்ளை இறந்துபோனால் எங்கள் தெருவில் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவதில்லை. மேளம் கிடையாது, பாடை கிடையாது. புதுத்துணியில் சுற்றி, தகப்பனும் தாய்மாமனும் மட்டும் கையில் ஏந்திப் போய் அந்தக் கரம்பில் குழி தோண்டி வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். எந்த இடம் என்று பெற்றவளுக்குச் சொல்லக் கூடாது. சொன்னால் அவள் போய்ப் போய் நிற்பாளாம்; அவள் நின்றால் அடுத்த பிள்ளை தங்காதாம். அடையாளக் கல்லும் நடுவதில்லை. பனையிலிருந்து இத்தனை அடி என்று ஆண்கள் மனதில் வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஒரு பிள்ளையாவது அங்கே விடாத தாய் எங்கள் தெருவில் இல்லை. எதிர்வீட்டு அத்தை மூன்று பேரை விட்டிருந்தாள்.

முந்தைய ஐப்பசி மழையில் என் தம்பி காய்ச்சலில் போனான். ஆறு மாதக் குழந்தை. அப்பாவும் மாமாவும் குடையில்லாமல் புறப்பட்டதைக் கதவிடுக்கில் பார்த்தேன். தம்பி சாமியிடம் போய்விட்டான் என்று சொன்னார்கள். கரம்பு வழியாகப் போனான் என்று எனக்குத் தெரியும். போனவன் அங்கேயே இருக்கிறான் என்று தெரியாது.

ஒரு சனிக்கிழமை மாலை, ஊர் நிர்வாகமான கொம்மூனிலிருந்து சேவகர் சைக்கிளில் வந்து பனைமரத்தில் ஒரு பலகையை ஆணியடித்து ஏதோ ஒட்டிவிட்டுப் போனார். எங்கள் கொம்மூன் அலுவலகத்தை மேரி என்று சொல்வோம். மேரியிலிருந்து காகிதம் வந்தால் நல்லது வந்ததாக யாருக்கும் நினைவில்லை. நான் எங்கள் ஆட்டைப் பிடித்துக் கட்டப் போனபோது அது பனையில் முன்னங்காலை ஊன்றி நின்று வெள்ளையாக எதையோ மென்றுகொண்டிருந்தது. வாயைச் சுற்றிக் கஞ்சிப்பசை. நான் பிடுங்கவில்லை. காகிதத்தில் பசி தீருமென்றால் தீரட்டும் என்று இழுத்து வந்தேன்.

மறுநாள் ஞாயிறு. ஆலைக்கு விடுமுறை என்பதால் ஆண்களும் வீட்டில் இருந்தார்கள். பலகையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. மேலே ஒரு தாள் இருந்தது. கீழே ஒட்டியிருந்த இடத்தில் கிழிந்த ஓரம் மட்டும் இருந்தது. இருந்த தாள் பிரெஞ்சு.

என்னைக் கூப்பிட ஆள் வந்தது. தலையை வாரிக்கொண்டுதான் போனேன்.

"வழி வுடுங்க, தொரசாணி வராங்கோ" என்றாள் எதிர்வீட்டு அத்தை. அவள் வாய்க்குத் தெருவே பயப்படும். "இன்னாடி, பாத்துக்குனே நிக்கிற? எழுத்து எழுந்து ஓடிப்பூடுமா?"

"படிப்பா, இரு" என்றாள் அம்மா.

"படிக்கட்டும், படிக்கட்டும். ஆடு மேய்க்கறவளுக்கு இன்னாத்துக்கு பிரெஞ்சுன்னு நானும் ரெண்டு வருசமா கேக்கறேன். ஆடு பிரெஞ்சுலயா கத்துது?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பள்ளிக்கு அனுப்பியது அவள்தான். அதற்காக அவள் வாங்கிய பேச்சு கொஞ்சமில்லை.

பள்ளியில் எங்களுக்குப் பிரெஞ்சு வாசிக்கக் கற்றுக் கொடுத்திருந்தார்கள். எழுந்து நின்று, கையைப் பின்னால் கட்டி, தலையை நிமிர்த்தி உரக்க வாசிக்க வேண்டும். உச்சரிப்பு தவறினால் கன்னியாஸ்திரி அம்மா மேசையில் குச்சியால் தட்டுவார். பொருள் என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பொருளெல்லாம் மேல்வகுப்புக்கு உரியது.

நான் கையைப் பின்னால் கட்டினேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, ஓர் இடத்திலும் தட்டாமல் வாசித்தேன். குச்சி இருந்திருந்தால் ஒரு முறைகூடத் தட்டியிருக்காது. கூட்டத்தில் சத்தம் அடங்கிவிட்டது. "ஐயர் மந்திரம் சொல்ற மாதிரியே இருக்குது" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். அத்தையின் வாய் பாதி திறந்தபடி நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு உண்டான சந்தோஷத்தை இன்றும் என்னால் மறுக்க முடியவில்லை.

"சரி, இன்னா சொல்லுது?" என்று அப்பா கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதைத் தமிழிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தத் தாளில் எனக்குத் தெரிந்த சொற்கள் மூன்று இருந்தன. ழர்தேன் என்றால் தோட்டம். அன்ஃபான் என்றால் பிள்ளைகள். கேன்ஸ் ழூர் என்றால் பதினைந்து நாள். மூன்றும் எங்கள் பாடத்தில் படத்தோடு வந்தவை. மூன்று சொல் தெரிந்தால் முப்பது சொல்லைக் கட்டிவிடலாம் என்று அந்த வயதில் தோன்றும்.

"இங்க தோட்டம் வரப்போகுது. பிள்ளைங்களுக்கு. பதினஞ்சு நாள்ல" என்றேன்.

அம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எந்தப் புள்ளைங்களுக்கு?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "பிள்ளைங்கன்னுதான் போட்டிருக்கு. மூணு எடத்துல போட்டிருக்கு."

அம்மா கரம்பைப் பார்த்தாள். "அங்க இருக்குதுங்களே, அதுங்களுக்கா?"

நான் தலையை ஆட்டினேன்.

"பூச்செடி வெக்கறாங்களா?"

"ஆமா."

"மல்லியா, ரோசாவா?" என்று கேட்டாள் எதிர்வீட்டு அத்தை. அவள் குரல் அவள் குரல் போலவே இல்லை.

"எல்லாம்" என்றேன்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெண் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "சர்க்காருக்குக்கூட தோணியிருக்குது பாரேன்" என்றாள் இன்னொருத்தி.

மாமாவுக்கு மட்டும் சமாதானம் ஆகவில்லை. "எதுக்கும் மேரியில போயி ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடலாம் மச்சான்" என்று அப்பாவிடம் சொன்னார்.

அதற்கு அத்தைதான் பதில் சொன்னாள். "நம்ம பொண்ணு மழ பெய்யற மாதிரி படிச்சுதே, காதுல வுழல? அதுக்கு மேல அங்க போயி இன்னாத்த கேப்ப? சேவகன் நாய வெரட்டற மாதிரி வெரட்டுவான், வாங்கிக் கட்டிக்குனு வா." நம்ம பொண்ணு என்று அவள் என்னைச் சொன்னது அதுதான் முதல் முறை. அன்று அம்மா எனக்கு முட்டை வேகவைத்துக் கொடுத்தாள்.

அந்தப் பதினைந்து நாளும் தெரு வேறு மாதிரி இருந்தது. கரம்பு வழியே போகும்போது பெண்கள் நடையைத் தளர்த்தினார்கள். அத்தை எங்கிருந்தோ மல்லிகைப் பதியன் ஒன்று கொண்டுவந்து உடைந்த பானையில் வைத்து, அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றி வளர்த்தாள். தோட்டம் போட வருகிறவர்களிடம் கொடுத்து, தன் பிள்ளைகள் பக்கமாக வைக்கச் சொல்லப் போகிறாளாம். எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியாது. தன் வீட்டுக்காரரைக் கேட்டிருக்கிறாள், அவர் சொல்லவில்லை.

பதினைந்து நாள் கழிந்து வந்த முதல் வியாழக்கிழமை. எங்கள் பள்ளிக்கு வியாழன் விடுமுறை. ஆண்கள் ஆலையில், பெண்கள் வயலில். ஆட்டோடு நான் மட்டும் இருந்தேன். இரண்டு மாட்டு வண்டியில் வெளியூர் ஆட்கள் மண்வெட்டியும் கடப்பாரையுமாக வந்து இறங்கினார்கள். முதலில் பனையை வெட்டினார்கள். பிறகு முள்ளையும் எருக்கையும் வழித்து நிலத்தைச் சமன் செய்தார்கள். நான் சொன்னது நடக்கிறது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பாதையில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "எனக்கு முன்னமே தெரியும்" என்று சொல்ல ஆசை. ஆனால் பாதையில் யாரும் வரவில்லை.

உச்சிப்பொழுதில் மண்வெட்டிகள் நின்றன. ஆட்கள் ஓரிடத்தில் கூடிக் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு ஒரு கூடையைக் கொண்டுவரச் சொன்னார். அதன்பிறகு ஒவ்வொரு பத்தடிக்கும் கூடையை நகர்த்தினார்கள். கூடைக்குள் போனது எனக்குத் துணியாகத்தான் தெரிந்தது, மண் ஒட்டிய பழந்துணி. பயமாக இல்லை. என்னவோ சாமான் எடுக்கிறார்கள் என்று கிட்டப் போனேன்.

மேஸ்திரி என்னைப் பார்த்துவிட்டார். "யாரு வூட்டுப் பொண்ணு நீ? பெரியவங்க ஆரும் இல்லியா?"

"எல்லாரும் வேலைக்குப் போயிருக்காங்க."

"ஊருல சொன்னாங்களா, இல்லியா? ஒருத்தரும் மேரியில வந்து பேரு குடுக்கலன்னு சொன்னாங்களே."

"சொன்னாங்க. காகிதம் ஒட்டுனாங்க. நான்தான் எல்லாருக்கும் படிச்சுக் காட்டுனேன்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஆட்களிடம் திரும்பி, "தெரிஞ்சுதான் வுட்டுட்டாங்கடா" என்றார். "பேரு இல்லாம இடுகாட்டுல உள்ள வுட மாட்டான். எங்க கொண்டுபோறது? இந்தக் குழியிலயே வெச்சுடுங்க. நல்லா ஆழமாப் போடுங்க."

ஊஞ்சல் கம்பத்துக்காக வெட்டிய மூன்று சோடிக் குழிகளில் அது நடு ஊஞ்சலுக்கு உரியது. கூடையைத் தலைகீழாகக் கவிழ்க்கவில்லை. ஒருவர் குழிக்குள் இறங்கி, கையால் வாங்கி வாங்கி வைத்தார். அதை மட்டும் நான் அவர்களுக்காகச் சொல்ல வேண்டும். மண் தள்ளி மூடுவதற்கு முன்னால் என் காலடியில் கிடந்த ஒன்றை எடுத்துப் பாவாடையில் செருகிக்கொண்டேன். கறுப்புமணி கோத்த கைக்கயிறு. என் தம்பிக்குக் கண்ணேறு படாமல் கட்டியிருந்தது போலவே இருந்தது.

சாயங்காலம் களையெடுத்துத் திரும்பிய பெண்கள் சமமான நிலத்தைப் பார்த்து நின்றார்கள். செடி ஒன்றும் இல்லை. பனை இல்லை. மூன்று சோடிக் கம்பங்கள் நின்றன. அத்தை பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். மேஸ்திரியும் ஆட்களும் வண்டியில் ஏறிப் போய்விட்டிருந்தார்கள்.

நான் பார்த்ததைச் சொன்னேன். பள்ளியில் பாடம் ஒப்பிப்பது போலத் திருத்தமாகவே சொன்னேன். கூடை, துணி, நடுக்குழி. சொல்லி முடிப்பதற்குள் யாரோ கூவினார்கள். அப்படி ஓர் ஒலி ஒரு மனுஷியிடமிருந்து வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அம்மா அழவில்லை. நான் அவளைத் தேற்ற நினைத்துக் கைக்கயிற்றை எடுத்து நீட்டினேன். "தம்பியோடது."

அம்மா அதைக் கையில் வாங்கினாள். "தெரிஞ்சு சொல்றியா?"

"ஆமா. தம்பியோடதுதான்."

எங்கள் தெருவில் பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் ஒரே கடையில் வாங்கிய கறுப்புமணியைத்தான் கட்டுவார்கள். அது அம்மாவுக்குத் தெரியாமல் இருக்குமா? அவள் அதைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள். அவள் வைத்திருந்து அடுத்தவளிடம் கொடுத்தாள். அத்தையிடம் வந்தபோது அவள் நெடுநேரம் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. பிறகு அவளே அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பானையை உடைத்து மல்லிகைப் பதியனை நடுச் சோடிக் கம்பத்தின் அடியில் கையால் மண் தோண்டி வைத்தாள்.

ஆலையிலிருந்து வந்த அப்பா, பனையை வெட்டிய அடிக்கட்டையிலிருந்து அடி எண்ணி நடந்தார். பதினோராம் அடியில் நின்றார். அங்கே உட்காரும் பலகைக்காகச் செங்கல் கட்டியிருந்தார்கள். திரும்பி வந்து மறுபடியும் எண்ணினார்.

வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்குப் போகவில்லை. பெண்கள் வேலைக்குப் போகாமல் மேரிக்குப் புறப்பட்டார்கள். அம்மா என் தலையை வாரி, பள்ளி ரிப்பனைக் கட்டி, என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம் பொண்ணு பேசுவா. எங்களுக்குத்தான் பேசத் தெரியாது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மேரியில் குமாஸ்தா எங்களை வாசற்படிக்குக் கீழேயே நிறுத்தினார். விரட்டவில்லை. சொன்னதை முழுதும் கேட்டார். கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு கட்டைப் பிரித்துத் தாள் எடுத்து வந்தார். "ரெண்டு தாள் ஒட்டச் சொன்னோமே. மேல பிரெஞ்சு, கீழ தமிழ். இதுதான் தமிழ். கேட்டுக்குங்க" என்று படித்தார்.

தோட்டம் அமைப்பதற்காக எடுத்துக்கொள்ளப்படும் இந்த நிலத்தில் தங்கள் பிள்ளைகளை அடக்கம் செய்திருப்பவர்கள் பதினைந்து நாளுக்குள் மேரிக்கு வந்து பிள்ளைகளின் பெயரைப் பதிய வேண்டியது. பதிந்தால் உரியவர் முன்னிலையில் எடுத்து, இடுகாட்டில் பிள்ளைகளைத் தனித்தனியே அடக்கம் செய்ய இடம் தரப்படும். பதினைந்து நாளுக்குள் யாரும் வராவிட்டால் உரியவர் ஒருவரும் இல்லை என்று கொள்ளப்படும்.

என் மூன்று சொற்களும் அதில் இருந்தன. பிள்ளைகள் மூன்று இடத்தில் இருந்தார்கள்.

"பதினஞ்சு நாளு வெச்சிருந்தோம். ஒருத்தர் வரல. நாங்க இன்னா நெனைக்கறது?" என்றார் குமாஸ்தா. "ஒங்க தெருவுல படிக்கத் தெரிஞ்சவங்க ஒருத்தர்கூடவா இல்ல?"

எத்தனை பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் அத்தையை மட்டும்தான் பார்த்தேன். அவள் வாய் திறந்தது.

அம்மா முந்திக்கொண்டாள். "இல்லிங்க. எங்க தெருவுல படிச்சவங்க ஆரும் இல்லிங்க."

குமாஸ்தாவின் கண் என் ரிப்பனில் நின்றது. "இந்தப் பொண்ணு?"

"இது ஆடு மேய்க்கற பொண்ணுங்க" என்றாள் அம்மா.

அத்தை வாயை மூடிக்கொண்டாள். அதன்பிறகு அன்றும் சரி, என்றைக்கும் சரி, எங்கள் தெருவில் ஒருவரும் அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை. அம்மா என் கையைப் பிடித்தபடியே வீட்டுக்கு நடந்தாள். நான் வழியில் கையை உருவிக்கொண்டேன். ஆடு மேய்க்கிறவளாம். அத்தனை பேர் முன்னால், அலுவலகத்தில், படித்த ஒருவர் காதில் விழும்படி என்னை அப்படிச் சொல்லிவிட்டாளே என்று எனக்கு ஆத்திரம். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை. என்னை அப்படிச் சொன்னதற்கு அவள் வருந்துகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

தோட்டம் முடிய மாசி ஆயிற்று. கம்பிவேலி, மணல் பாதை, உட்காரப் பலகைகள், சறுக்குமரம், மூன்று ஊஞ்சல்கள். ஆலைத் தொழிலாளர் பிள்ளைகள் காற்றோட்டமாக விளையாட வேண்டும் என்று செய்தார்களாம். அது பொய்யில்லை. அந்தத் தோட்டம் நல்ல தோட்டம்தான். கல்யாண முருங்கை நட்டார்கள், செம்பருத்தி நட்டார்கள். கம்பத்தடி மல்லிகையை மட்டும், ஆடுகிற பிள்ளைகளுக்குக் காலில் சிக்கும் என்று காவல்காரர் பிடுங்கிப் போட்டுவிட்டார். பெண்கள் அந்த இடத்தில் கொஞ்ச நாள் பால் ஊற்றினார்கள். பிறகு கதவு வைத்துப் பூட்டிவிட்டதால் வேலிக்கு வெளியே நின்று ஊற்றினார்கள்.

திறப்புவிழாவுக்கு எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளை பிரெஞ்சில் வரவேற்பு ஒப்பிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கன்னியாஸ்திரி அம்மா என்னைத் தேர்ந்தெடுத்தார். தோட்டத்துக்குப் பக்கத்துத் தெருப் பெண், உச்சரிப்பும் சுத்தம். வெள்ளைக் கவுனும் காலுக்குக் கறுப்புச் சப்பாத்தும் பள்ளியிலிருந்து கொடுத்தார்கள், மறுநாள் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லி. வீட்டில் சொன்னபோது அம்மா, "போயிட்டு வா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பிரெஞ்சுக் கொடி ஏற்றினார்கள். பேண்டு வாசித்தார்கள். கொம்மூன் தலைவரான மேர் ஐயா பேசினார். நான் கையைப் பின்னால் கட்டி, தலையை நிமிர்த்தி ஒப்பித்தேன். பூக்களைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் ஏதோ வந்தது. முன்வரிசைக்குப் பின்னால் அந்தக் குமாஸ்தா நின்றிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு புருவத்தை உயர்த்தினார். நான் இன்னும் உரக்க ஒப்பித்தேன். ஆடு மேய்க்கிறவள் எப்படிப் பேசுகிறாள் என்று அவர் கேட்கட்டும்.

கைதட்டினார்கள். மேர் ஐயாவின் சம்சாரம் குனிந்து என் கன்னத்தைத் தட்டி, முதல் ஊஞ்சல் இந்தப் பெண்தான் ஆட வேண்டும் என்று பிரெஞ்சில் சொல்லி, கையால் காட்டினார். காகிதப்பூச் சுற்றிய ஊஞ்சல் ஒன்றே ஒன்றுதான். அது நடுவில் இருந்தது.

எனக்குத் தெரியும். அந்தக் குழியில் என்ன வைத்தார்கள் என்று அங்கே இருந்தவர்களில் எனக்குத்தான் கண்ணால் பார்த்துத் தெரியும். துணி. தம்பி சாமியிடம் போய்விட்டான். அங்கே இருப்பது துணி. அப்படித்தான் எண்ணிக்கொண்டேன். குமாஸ்தா வேறு பார்த்துக்கொண்டிருந்தார். "மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

நடு ஊஞ்சலில் ஆடினால் எங்கள் தெரு தெரியும். மேலே போகும்போதெல்லாம் வேலிக்கு அப்பால் எங்கள் தெருப் பெண்கள் தெரிந்தார்கள். முதல் முறை போனபோது என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த முறை எல்லோரும் முதுகைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அத்தையின் முதுகு குலுங்கியது. சிரிக்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம். அம்மா ஒருத்திதான் திரும்பவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் பார்க்கிறாள் என்பதற்காகவே இன்னும் உயரமாக ஆடினேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னை உட்காரவைத்தாள். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் என்னிடம் ஆசையாக ஒன்று கேட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

"அவங்களே தள்ளி வுட்டாங்களா, இல்ல நீயே கால ஊணித் தள்ளுனியா?"

"மொதல்ல அந்தம்மா தள்ளுனாங்க. அப்புறம் நானேதான். நல்லா அழுத்தி ஊணனும்மா, அப்பதான் மேல போவும்." எழுந்து நின்று, இரண்டு காலையும் தரையில் உதைத்து எப்படி என்று செய்து காட்டினேன். அம்மாவுக்கு ஊஞ்சல் தெரியாதே. படித்த நான்தானே சொல்லித்தர வேண்டும்? "இப்படி ஒரு மிதி. திரும்பி வரும்போது இன்னொரு மிதி. எத்தினி அழுத்தமா மிதிக்கறமோ அத்தினி ஒசரம்."

"சப்பாத்தோடவா?"

"ஆமா. சப்பாத்தோடதான்."

அம்மா என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். காலையில் தண்ணீர் தெளித்திருந்த மண் சப்பாத்தின் அடியில் அப்பிக் காய்ந்திருந்தது. அதை நகத்தால் மெல்லச் சுரண்டினாள். ஒரு பொடியும் கீழே சிந்தாமல் இன்னொரு கையை அடியில் ஏந்திக்கொண்டாள். ஒரு சப்பாத்து முடிந்ததும் அடுத்ததை எடுத்தாள். பிறகு அந்த மண்ணை முந்தானையில், கறுப்புமணிக் கயிறு முடிந்திருந்த அதே முடிச்சில் சேர்த்து முடிந்தாள்.

"நல்லா சுத்தமா எடும்மா" என்றேன் நான். "நாளைக்குத் திருப்பிக் குடுக்கணும்."